அடைக்கோழியை வைத்துக் குஞ்சு பொரித்து வளர்ப்பது: முட்டை தேர்வு முதல் தாய் பிரிக்கும் வரை

ஒரு நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு திரிவதைக் கிராமத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். அதே வீட்டில் இரண்டு மாதம் கழித்து எண்ணினால் பல சமயம் மூன்றோ நான்கோதான் மிஞ்சியிருக்கும். காக்கை, பூனை, கழிச்சல், மழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். பொரிப்பதில் நாட்டுக்கோழிக்கு நாம் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. முட்டையை உருட்டுவது, சூட்டை ஒரே அளவில் வைப்பது, குஞ்சுக்கு இரை காட்டுவது எல்லாம் அதற்கே தெரியும். ஆனால் கோழியால் முடியாத வேலைகளும் சில இருக்கின்றன. கருக்கூடிய புது முட்டையாகப் பார்த்து எடுப்பது, செல் (இறகுக்குள் ஒட்டி வாழும் பேன் போன்ற சிறு பூச்சி) இல்லாத கூடு, குஞ்சுக்குப் புரதம் உள்ள தீனி, தடுப்பூசி, ராத்திரிக் காவல். இவற்றை நாம் செய்துவிட்டால் போதும். இரண்டு மாதம் தாண்டி எத்தனை நிற்கிறது என்பதைத்தான் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் வைக்கலாம்

குஞ்சு வெளியே வந்து முதல் நான்கு வாரம் எப்படிப்பட்ட வானிலையில் இருக்கும் என்று யோசித்து நாளைக் குறியுங்கள். தமிழ்நாட்டில் மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் அடை வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. குஞ்சு வரும்போது பனி குறைந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், கோடை முற்றுவதற்குள் இறகும் முளைத்துவிடும். ஆனி, ஆடியும் பரவாயில்லை, காற்று மறைப்பு மட்டும் வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வைத்தால் பொரிப்பு குறையும். முட்டை சேர்த்து வைக்கும் நாட்களிலேயே வெயிலில் கெட்டுவிடுவதுதான் அதற்குப் பெரிய காரணம். புரட்டாசியில் வைத்தால் பொரிப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் குஞ்சுகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டும். நனையாத, ஒழுகாத கொட்டகை இருந்தால் மட்டும் அப்போது வையுங்கள்.

அடைக்கு ஏற்ற கோழி

நாட்டுக்கோழியில் சிறிய உருவமுள்ள சிறுவிடைக் கோழிதான் அடைக்கு முதல் தேர்வு. உடம்பு லேசு, முட்டையை உடைக்காது, குஞ்சை விட்டுக்கொடுக்காது. பெருவிடைக் கோழியும் நல்ல தாய்தான், ஆனால் கனம் அதிகம். ஓடு மெல்லிசாக இருந்தால் முட்டை நசுங்கும். கடக்நாத் என்கிற கருங்கோழி பெரும்பாலும் அடைக்கு உட்காராது. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழி இனங்களில் முட்டை எண்ணிக்கைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அடைகாக்கும் குணமே ஏறக்குறைய போய்விட்டது. வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினங்களையும் அடைக்கு நம்ப முடியாது. இவற்றின் முட்டையைச் சிறுவிடையில் வைத்துப் பொரிக்க வைக்கிறார்கள்.

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு வரும். முட்டை இட்ட பிறகும் கூட்டை விட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று உறுமும், கையைக் கொத்தும். அடிவயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும், அந்தத் தோல்தான் முட்டையோடு ஒட்டிச் சூடு கொடுக்கிறது. நாளுக்கு ஒருமுறை இறங்கி, பெரிதாக, நாற்றமாக எச்சம் போடும்.

இந்த அடையாளங்களைப் பார்த்த அன்றே முட்டையை வைத்துவிட வேண்டாம். முதலில் இரண்டு கூமுட்டையையோ கடை முட்டையையோ வைத்து இரண்டு ராத்திரி பாருங்கள். பகலில் உட்கார்ந்து ராத்திரியில் பரணுக்குப் போகிற கோழி இன்னும் அடைக்கு வரவில்லை என்று அர்த்தம். ராத்திரியும் முட்டை மேலேயே கிடந்தால் நம்பலாம். முதல் தடவை அடைக்கு வரும் விடைக்கோழிக்குக் குறைவான முட்டை கொடுத்துப் பாருங்கள். முந்தைய தடவை குஞ்சை நன்றாக வளர்த்த கோழி இருந்தால் அதற்கே முதல் இடம்.

முட்டை சேர்ப்பது

பொரிப்பு குறைவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கரு. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்க வேண்டும், அந்தச் சேவலும் வயதாகி ஓய்ந்ததாக இருக்கக் கூடாது. சேவலோடு இணைந்த பிறகு பத்து நாளுக்கு மேலும் பெட்டை கருக்கூடிய முட்டை இடும். ஆகவே சேவலை விற்ற மறுநாளே முட்டை வீண் என்று நினைக்க வேண்டாம். அதே காரணத்தால், ஒரு குறிப்பிட்ட சேவலின் வாரிசுதான் வேண்டும் என்றால் மற்ற சேவல்களிடமிருந்து பெட்டையைப் பிரித்து மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கடையில் விற்கும் பண்ணை முட்டை எதுவும் பொரிக்காது, அங்கே சேவலே கிடையாது. ஓடு பழுப்பாக இருப்பதால் மட்டும் அது கருமுட்டை ஆகிவிடாது.

அடுத்தது முட்டையின் வயது. ஒரு கோழி பதினைந்து முட்டை இட்டு முடிக்க இருபது நாள் வரை ஆகலாம். அந்த முட்டைகளை அப்படியே அதற்கு வைத்தால் முதலில் இட்ட முட்டைகள் மூன்று வாரம் பழையவை. வழக்கம் இதுதான் என்றாலும் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கடைசி ஏழு நாட்களில் இட்ட முட்டையை மட்டும் எடுங்கள், கோடையில் ஐந்து நாள் போதும். குறைகிற எண்ணிக்கைக்கு வீட்டில் மற்ற பெட்டைகள் இட்ட புது முட்டையைச் சேருங்கள். பழையவற்றைச் சமைத்துச் சாப்பிடலாம்.

வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டிய அறையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர ஆரம்பிக்கும், பிறகு செத்துவிடும். சித்திரையில் நம் வீட்டு அடுக்களை 35 டிகிரிக்கு மேல் போகிறது. ஆகவே ஒரு சிறிய மண்பானையை ஈர மணலில் பாதி புதைத்து, அதற்குள் உலர்ந்த தவிடோ வைக்கோலோ போட்டு முட்டையை வையுங்கள். கூர்முனை கீழே இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.

ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது, கோணலாக நீண்டது, ஓடு சொரசொரப்பாக இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். இரண்டு முட்டையை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டதில் சத்தம் மங்கலாகக் கேட்கும். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, அது போனால் நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும். லேசாக அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வெளியூரிலிருந்து பேருந்தில் கொண்டுவந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் அடைக்கு வையுங்கள்.

எத்தனை வைப்பது? சிறுவிடைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு. நல்ல அகலமான கோழிக்குப் பதின்மூன்று. கோழி உட்கார்ந்த பிறகு ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக் கூடாது. ஆசைப்பட்டு இரண்டு கூடுதலாக வைத்தால் அந்த இரண்டோடு நிற்காது. கோழி உருட்டும்போது ஒவ்வொரு முட்டையும் முறைபோட்டு ஓரத்துக்கு வரும், எல்லாமே குளிர்படும். ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கூடு

அகலமான மூங்கில் கூடை, உடைந்த பானையின் அடிப்பாகம், பழைய சோற்றுக்கூடை எதுவானாலும் சரி. ஒன்றேகால் அடி அகலமும் நடுவில் லேசான பள்ளமும் இருக்க வேண்டும். அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த மணலோ மண்ணோ போட்டுப் பள்ளம் செய்து, அதன் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி, பிறகு வைக்கோலையும் உலர்ந்த வேப்பிலையையும் பரப்புங்கள். பள்ளம் ரொம்ப ஆழமாக இருந்தால் முட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும். கோடையில் மணல் கூடுதலாகவும், குளிரில் வைக்கோல் கூடுதலாகவும் இருக்கட்டும்.

இடம் இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாக இருக்க வேண்டும். மற்ற கோழிகள் வந்து அதே கூட்டில் முட்டை இடுவதுதான் பெரிய தொல்லை. நாள் மாறி இட்ட முட்டை சேர்ந்துவிட்டால், முதலில் பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் எழுந்து போய்விடும், மீதி முட்டை உள்ளுக்குள் குஞ்சோடு வீணாகும். அதனால் வைக்கும் முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாத முட்டை தெரிந்தால் அன்றே எடுத்துவிடலாம்.

எறும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முட்டை ஓட்டைக் குஞ்சு உடைக்க ஆரம்பித்த நேரத்தில் அந்த ஈர வாசனைக்கு எறும்பு ஏறினால் குஞ்சு உள்ளேயே செத்துப்போகும். கூடையை ஒரு பலகை மேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பலனளிக்கும். எறும்பு மருந்தைக் கூட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

செல் இன்னொரு எதிரி. அடையில் அசையாமல் உட்காரும் கோழி மேல் செல் பெருகினால் அரிப்பு தாங்காமல் முட்டையை விட்டு எழுந்துவிடும், பிறகு குஞ்சின் இரத்தத்தையும் உறிஞ்சும். அடை வைப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் கோழியைப் பிடித்து இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றிலும் இறகை விலக்கிப் பாருங்கள். இருந்தால் வசம்புத் தூளை அந்த இடங்களில் தேய்த்து, கண்ணிலும் மூக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் தினமும் இறங்கும்போது கோழி தானே புரண்டு உதறிக்கொள்ளும்.

இடிக்குப் பயந்து கூட்டில் இரும்புத் துண்டு, கரி, மிளகாய் வைக்கும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது. வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மழை ராத்திரியில் கூட்டுக்குள் சாரல் அடிக்கிறதா, கோழி மிரண்டு எழுந்துவிட்டதா என்று எழுந்துபோய்ப் பார்ப்பதுதான் முட்டையைக் காப்பாற்றும்.

உட்கார வைப்பது

எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில், இருட்டிய பிறகு வையுங்கள். ராத்திரியில் கோழி அமைதியாக இருக்கும், இடம் மாற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். அது முட்டை இட்ட பழைய இடத்திலிருந்து வேறு மூலைக்கு மாற்றுவதானால், பொய் முட்டை வைத்த புதுக் கூட்டில் முதலில் இரண்டு நாள் பழக்குங்கள். மேலே ஒரு கூடையையோ பஞ்சாரத்தையோ (கோழியை அடைத்து வைக்கும் மூங்கில் கூண்டு) கவிழ்த்து, நாளுக்கு ஒருமுறை நீங்களே திறந்து விடுங்கள். மூன்றாம் நாள் தானாகத் திரும்பி வந்து உட்காரும்.

21 நாட்கள்

தினமும் ஒரே நேரத்தில், காலை ஒன்பது மணி வாக்கில், கோழியை இறக்கி விடுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் போதும். கோடையில் அரை மணி நேரம் ஆனாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. கம்பு, சோளம், நெல் என்று முழுத் தானியமாகக் கொடுங்கள். தண்ணீராகத் தவிடு கரைத்துக் கொடுத்தால் எச்சம் இளகிக் கூட்டிலேயே போய்விடும். சுத்தமான தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த மூன்று வாரத்தில் கோழி இளைக்கும், அது இயல்பு.

சில கோழி இரண்டு நாளானாலும் எழாது. அதை நீங்கள்தான் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும் முன் இறக்கைக்குள் கைவிட்டு முட்டை இடுக்கியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தூக்கும்போது விழுந்து உடையும். உடைந்த முட்டை இருந்தால் உடனே எடுத்து, நனைந்த வைக்கோலை மாற்றி, ஒட்டிய முட்டைகளை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுத்து வையுங்கள். கோழி பயந்து எழுந்துபோய் முட்டை ஒரு மணி நேரம் ஆறிக் கிடந்தாலும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திரும்ப உட்கார வைத்து, சில நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம்.

ஏழாம் நாள் ராத்திரி முட்டைகளைப் பார்க்க வேண்டும். ஒரு அட்டையில் முட்டை அளவுக்குக் கொஞ்சம் சிறிதாக ஓட்டை போட்டு, பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்து, முட்டையின் அகலமான முனையை ஓட்டையில் வையுங்கள். கரு வளர்ந்திருந்தால் நடுவில் ஒரு கருப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போல நாலாபக்கமும் இரத்த நரம்புகளும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடாத முட்டை. நரம்பு இல்லாமல் ஒரு இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்தது. இந்த இரண்டு வகையையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி, உள்ளே காற்று கூடி, கோழிக்கு அடியில் வெடிக்கும், அந்த நாற்றமும் கிருமியும் நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

பதினான்காம் நாள் இன்னொரு முறை பாருங்கள். இப்போது முட்டை பெரும்பாலும் இருட்டாகி, அகலமுனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஏழாம் நாளில் நல்ல முட்டைகளை எல்லாம் ஒரு கோழிக்கு மாற்றிவிட்டு, மற்றதற்குப் புது முட்டை வைக்கலாம். ஒரு வாரம் கூடுதலாக உட்காரும் அந்தக் கோழிக்குத் தீனியில் கவனம் வேண்டும். அதற்கு மேல் இழுப்பது அதன் உடம்புக்கு நல்லதில்லை.

பதினெட்டாம் நாளிலிருந்து முட்டையைத் தொட வேண்டாம். குஞ்சு காற்றறைப் பக்கம் தலையைத் திருப்பி நிலைகொள்ளும் நேரம் அது. கடைசி நேரத்தில் முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் குஞ்சு மூழ்கிவிடும், அதனால் அது வேண்டாம். வெயில் காலமாக இருந்தால் கோழி இறங்கிய நேரத்தில் கூட்டின் ஓரத்து மணலில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து விடுங்கள். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் ஓட்டின் உட்படலம் தோலாக இறுகி, குஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும்.

பொரிக்கும் நாள்

இருபதாம் நாள் காது வைத்துக் கேட்டால் முட்டைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் வரும், தாயும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சு விடப் பழகும், பிறகு ஓட்டில் ஒரு புள்ளி உடையும். அதற்கப்புறம் முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். இந்த நேரத்தில் நாம் பொறுக்க மாட்டாமல் ஓட்டைப் பிரித்துவிட்டால் குஞ்சு இரத்தம் கசிந்து சாகும். ஓட்டின் உட்படலத்தில் இரத்த நாளங்கள் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுவதற்குத்தான் அது அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. காலி ஓடுகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னும் பொரிக்காத முட்டையின் மேல் தொப்பியாக மாட்டிக்கொள்ளும். கூட்டை இருட்டாகவே வையுங்கள், வெளிச்சம் பட்டால் பொரித்தவற்றோடு தாய் எழுந்துவிடும். முன்னாலேயே வந்த குஞ்சுகள் துறுதுறுவென்று வெளியே ஓடினால், காய்ந்த பிறகு துணி விரித்த அட்டைப்பெட்டியில் ஒரு சிறிய பல்பு வெளிச்சத்தில் வைத்திருந்து ராத்திரி தாயிடம் சேர்க்கலாம். இருபத்துமூன்றாம் நாளும் சத்தமே இல்லாத முட்டையை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

புதுத் தாயாக இருந்தால் முதல் குஞ்சைக் கொத்துகிறதா என்று தூரத்திலிருந்து கவனியுங்கள். அப்படிக் கொத்தினால் குஞ்சுகளை எடுத்து இருட்டில் மெதுவாக அடியில் தள்ளி விட்டால் பெரும்பாலும் விடிவதற்குள் சேர்த்துக்கொள்ளும். பொரித்து ஓரிரு நாளே ஆன வேறு குஞ்சுகளையும் இப்படி ராத்திரியில்தான் சேர்க்க வேண்டும். பகலில் விட்டால் நிறம் பார்த்து விரட்டும்.

வாத்து, வான்கோழி முட்டைகளுக்கு 28 நாள், கின்னிக்கோழிக்கு 26 முதல் 28 நாள் ஆகும். இவற்றைக் கோழி முட்டையோடு கலந்து ஒரே நாளில் வைக்காதீர்கள்.

முதல் வாரம்

பிறந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். இரண்டு நாள் வரை அதுவே போதும், ஆகவே தீனிக்கு அவசரம் இல்லை. முதலில் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து முதல் நாள் கொடுக்கலாம். தட்டையான மூடி போதும், அதில் கூழாங்கல் போட்டு வையுங்கள். 30 கிராம்கூட இல்லாத குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில் விழுந்தாலும் நனைந்து விறைத்துப் போகும்.

இந்த வாரம் முழுக்கத் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வைத்திருப்பதே என் விருப்பம். ஊர் சுற்ற விட்டால் தாய் தன் வேகத்தில் நடக்கும், பின்தங்கிய குஞ்சை முதலில் காக்கை எடுக்கும். இடைவெளி பெரிதாக இருக்கும் பஞ்சாரமானால் குஞ்சு வெளியே வந்து மேய்ந்து உள்ளே ஓடும், தாய் உள்ளேயே இருக்கும். குஞ்சுத் தீனியை வெளியே வைத்தால் தாய் கிளறி இறைப்பதும் குறையும், தின்று தீர்ப்பதும் குறையும். வேலி அடைத்த முற்றத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். காலைப் பனியில் வெளியே விட வேண்டாம், புல் காய்ந்த பிறகு விடுங்கள். பஞ்சாரத்தின் இடத்தைத் தினமும் நகர்த்தினால் எச்சம் சேராது.

முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி அளவு சூடு தேவை, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைந்துகொண்டே வரும். இதெல்லாம் தாயின் இறக்கைக்குள் கிடைத்துவிடும். தரை ஈரமாக இருந்தால் மட்டும் தாயாலும் காப்பாற்ற முடியாது.

தீனி

குருணை அரிசி மட்டும் போட்டு வளர்க்கும் குஞ்சு மெலிந்து, இறகு தாமதமாக முளைத்து, முதல் நோய்க்கே விழும். அரிசியில் புரதம் போதாது. முதல் ஆறு வாரத்துக்கு 20 விழுக்காடு புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் எளிது, தாயும் அதைத் தின்னலாம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும்.

வீட்டிலேயே கலக்க விரும்பினால், 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளமோ கம்போ 50, சோயாப் புண்ணாக்கு 25, அரிசித் தவிடு 15, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 8, தாது உப்புக் கலவை 2 என்று போடலாம். கருவாடு உப்பில்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள், உப்பு கூடினால் குஞ்சு சாகும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். முதல் வாரம் ஒரு குஞ்சுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம், நான்காம் வாரத்தில் 30 கிராம் அளவுக்கு வரும்.

கரையானுக்கு ஈடான குஞ்சுத் தீனி எனக்குத் தெரிந்து வேறில்லை, செலவும் இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துண்டு எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் அதைக் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். மறுநாள் விடியற்காலை எடுத்தால் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகள் முன் தட்டினால் தாய் கூப்பிடும் குரலே மாறும். வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் போய்விடும், அதனால் நேரத்தோடு எடுக்க வேண்டும். கரையான் மருந்து அடித்த வீட்டுப் பக்கமோ வயல் பக்கமோ பானை வைக்காதீர்கள்.

தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாய் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்தது கழுத்து திருகி நிற்கும். இது வைரஸ் நோய், வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. கைவைத்தியம் எதுவும் தடுப்பூசிக்குப் பதிலாகாது.

ஏழாம் நாள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப் வகை அல்லது லசோட்டா மருந்து, இரண்டுமே வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்துகள். நான்காம் வாரம் லசோட்டா இன்னொரு முறை. எட்டாம் வாரம் அதே நோய்க்கு இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. கறிக்கோழிப் பண்ணைகள் பக்கத்தில் இருக்கும் ஊரானால் பதினான்காம் நாள் கம்போரோ என்கிற, குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ் நோய்க்கான சொட்டையும் கொடுப்பது நல்லது. அம்மைத் தடுப்பூசி ஆறு, ஏழாம் வாரத்தில். கொசு வழியாகப் பரவும் அம்மை கண்ணை மூடிவிட்டால் குஞ்சு இரை எடுக்க முடியாமலே போய்விடும். கொப்புளத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவலாம், ஆறுதலாக இருக்கும்.

மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவில் வரும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரம்தான் பலன். ஆகவே தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் சரியான வழி. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வெயில் இல்லாத நேரத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு அதில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் உள்ள சொட்டு மருந்துகள் நம் பொறுப்பு. முகாமுக்காக அவற்றைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். நோய் கண்ட கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது.

மூன்றாம் வாரத்திலிருந்து எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக்கழிச்சல். ஈரத் தரையில்தான் இது பெருகும். தரையைக் காய வைத்து, சாம்பல் தூவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், இதற்கு மருந்து இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துவிட்டு அப்புறம் சேருங்கள். நோய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

காவல்

பகலில் காக்கை, பருந்து, வல்லூறு. ராத்திரியில் பூனை, கீரி, மரநாய், பெருச்சாளி, பாம்பு. பறவைகளுக்கு மேலே மறைப்பு வேண்டும். பழைய மீன்வலையைக் கட்டலாம், அல்லது செடி மறைவான இடத்தில் மேய விடலாம். தாய் அபாயக் குரல் கொடுத்ததும் குஞ்சு ஓடி ஒளிய ஒரு புதர் பக்கத்தில் இருந்தாலே பாதிக் காவல் முடிந்தது. வெட்டவெளி முற்றத்தில் அந்த வாய்ப்பே இல்லை.

ராத்திரிக்குப் பஞ்சாரத்தை நம்புவதானால் அடியில் இடைவெளி இல்லாத சமதரையில் வைத்து, மேலே அம்மிக்கல் கனத்துக்கு ஏதாவது ஏற்றுங்கள். நாய் உருட்டிவிடும். பெருச்சாளி இருக்கிற வீட்டில் மண் தரை ஆகாது, அடியிலிருந்து தோண்டி வந்து குஞ்சை இழுக்கும். அரை அங்குலக் கம்பிவலை அடித்த சின்னக் கூண்டு ஒன்று செய்துகொண்டால் பல வருடம் வரும். முதல் தடவை இழப்பதைக் கணக்குப் போட்டால் அந்தச் செலவு பெரிதில்லை. பாம்பு உள்ளே நுழையவும் அந்த வலை விடாது.

தாய் பிரிப்பது

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாயே குஞ்சைக் கொத்தி விரட்ட ஆரம்பிக்கும், சேவலோடு சேரும், பரணில் ஏறும். அப்போது குஞ்சுகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, சில ராத்திரி ஒன்றாக அணைந்து உட்கார இடம் கொடுத்தால் போதும்.

மூன்று, நான்கு வாரத்திலேயே பிரித்து, பல்பு வெளிச்சத்தில் வளர்ப்பவர்களும் உண்டு. தாய் சீக்கிரம் அடுத்த முட்டைச் சுற்றுக்கு வரும் என்பதுதான் காரணம். குஞ்சுக்கு இரண்டு வாட் வீதம் குண்டு பல்பு கணக்கு வைப்பார்கள், முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு. விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு இது லாபம். வீட்டுக்காக ஒன்றிரண்டு கோழி வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பேன். எதைத் தின்னலாம், எந்த நிழலைப் பார்த்து ஓட வேண்டும் என்று தாயிடம் கற்ற குஞ்சுதான் பிற்பாடு மேய்ச்சலில் தாக்குப்பிடிக்கிறது.

பிரித்த பிறகு ஒருமுறை குடற்புழு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள். பெட்டைகள் ஆறு மாதம் வாக்கில் முட்டைக்கு வரும். அவற்றில் எதை விற்பது, எதை வைப்பது என்று வரும்போது உருவத்தை மட்டும் பார்க்காமல், எல்லாக் குஞ்சையும் கரைசேர்த்த தாயின் பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு அதே தகப்பன் சேவல் சேராமல் இருக்க, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்.